மின்சாரம் நின்ற பிறகும் பேசிய தொலைபேசிகள்

யோங் பெங் கடலோர ஊர் அல்ல. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் பாதி வழி தாண்டிச் சாப்பாட்டுக்கு இறங்கும் ஊர். சுற்றிலும் ரப்பரும் செம்பனையும். மேற்கே பிரியும் சாலையில் போனால் பாரிட் சூலோங் வரும். அதற்கப்பால் பக்ரி, மூவார். தெற்கே ஆயர் ஈத்தாம். உப்புக்காற்று எட்டாத இந்த ஊர் 1942 ஜனவரியில் பிரிட்டிஷ் படையின் ஒரு பெரும் பின்வாங்கலின் முடிச்சாக இருந்தது. அந்தப் பின்வாங்கலுக்குக் கடலில் ஒரு காரணம் உண்டு. ஆறு வாரங்களுக்கு முன், 1941 டிசம்பர் 10 அன்று, குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் ஜப்பானிய விமானங்களால் மூழ்கடிக்கப்பட்டன. அதன் பின் மலாயாவைச் சூழ்ந்த கடலில் ஜப்பானியரைத் தடுக்கப் பெரிய கப்பல் எதுவும் இல்லை. மேற்குக் கரையிலும் அவர்கள் படகுகளில் வந்து, முன்னால் நின்று போரிட்ட படையின் முதுகுப்புறம் இறங்கினார்கள்.

அந்த இரண்டு கப்பல்களும் மூழ்கியதற்கு விமானப் பாதுகாப்பு இல்லாததும் டார்பிடோக்களும் காரணம் என்பதில் யாருக்கும் ஐயம் இல்லை. ஆனால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் கடைசி ஒன்றரை மணி நேரத்தைப் படிக்கும்போது வேறொரு செய்தியும் கண்ணில் படுகிறது. முதல் அடி விழுந்ததுமே கப்பலுக்குள் தொலைபேசிகள் ஊமையாகத் தொடங்கின. எந்த அறையில் தண்ணீர் ஏறுகிறது, எந்தக் கதவை மூட வேண்டும் என்ற செய்தியை ஆள் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று.

பழைய கப்பல் தொலைபேசிகளைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பித்தளையின் பளபளப்பையும் பேக்லைட் ரிசீவரின் கனத்தையும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பொருள்களிடம் கேட்க ஒரே கேள்விதான் இருக்கிறது: டைனமோ நின்ற பிறகு நீ பேசினாயா? ஒரு நூற்றாண்டாகக் கப்பல் தொலைபேசியை வடிவமைத்தவர்கள் எல்லாரும் இந்தக் கேள்வியைச் சுற்றியே வேலை செய்திருக்கிறார்கள் என்பது என் எண்ணம். அவர்கள் கண்ட விடைகளை வரிசையாகப் பார்த்தால் இந்தச் சாதனங்களின் வடிவம் ஏன் அப்படி இருக்கிறது என்பது விளங்கும்.

தொலைபேசிக்கு முன்பு இருந்தது பேச்சுக்குழாய். செம்பு அல்லது பித்தளைக் குழாய் ஒன்று மாலுமித் தலைவன் நிற்கும் கட்டளை மேடையிலிருந்து சுக்கான் அறைக்கோ என்ஜின் அறைக்கோ போகும். இரு முனையிலும் புனல் வாய். அதில் ஊதல் பொருத்திய ஒரு மூடி இருக்கும். மூடியைக் கழற்றி ஊதினால் மறுமுனையில் விசில் அடிக்கும். அங்குள்ளவன் தன் மூடியைக் கழற்றிக் காதை வைப்பான். மின்சாரம் வேண்டாம், கெட்டுப்போகப் பகுதிகள் இல்லை. தூரம் குறைவாகவும் வளைவுகள் சிலவாகவும் இருக்கும் வரை இதைவிட நம்பகமான கருவி கிடையாது. அதனால்தான் தொலைபேசி வந்து பல பத்தாண்டுகள் ஆன பின்பும், இரண்டாம் உலகப் போர் முழுவதும், பிரிட்டிஷ் போர்க்கப்பல்களில் கட்டளை மேடைக்கும் அதன் கீழே சுக்கான் பிடிப்பவனுக்கும் இடையே பேச்சுக்குழாய் நீடித்தது.

அதன் மதிப்பைக் காட்ட ஜட்லாந்துப் போர் ஒன்றே போதும். 1916 மே 31 அன்று எச்.எம்.எஸ். லயன் கப்பலின் நடுப் பீரங்கிக் கோபுரத்தை ஒரு ஜெர்மானியக் குண்டு பிளந்தது. உள்ளே இருந்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் இறந்தார்கள் அல்லது சாகக் கிடந்தார்கள். கடற்படைத் தரைவீரர் பிரிவின் மேஜர் பிரான்சிஸ் ஹார்வி படுகாயத்தோடு தவழ்ந்து பேச்சுக்குழாயை எட்டி, கீழே இருந்த வெடிமருந்து அறையைத் தண்ணீரால் நிரப்பும்படி உத்தரவிட்டார். சற்று நேரத்தில் தீ கோபுரத்தின் அடிவரை பாய்ந்தது. அப்போது வெடிமருந்து அறை வெள்ளத்தில் இருந்ததால் கப்பல் தப்பியது. அன்று அதே போரில் மூன்று பிரிட்டிஷ் போர்க்குரூசர்கள் வெடித்துச் சிதறி ஆயிரக்கணக்கானோருடன் மூழ்கின. ஹார்விக்கு இறந்த பின் விக்டோரியா சிலுவை வழங்கப்பட்டது. மின்கம்பியும் மின்கலமும் இல்லாத ஒரு குழாய் அந்தக் கப்பலின் கதையை மாற்றியது.

ஆனால் கப்பல்கள் பெருத்துக்கொண்டே போயின. இருநூறு மீட்டர் நீளமும் பல அடுக்குகளும் கொண்ட கப்பலில் குழாய் வழியே வரும் குரல் என்ஜின் இரைச்சலில் கரைந்துவிடும். அதைவிட முக்கியமானது, நீர் புகாத தடுப்புச் சுவர்களைத் துளைத்துப் போகும் ஒவ்வொரு குழாயும் தண்ணீருக்கும் புகைக்கும் ஒரு வழி. கப்பலை அறை அறையாகப் பிரித்து அடைப்பதுதான் அதன் உயிர் என்றால், அதே சுவர்களில் பேச்சுக்காகத் துளை போடுவது முரண்பாடு. விரல் தடிமன் உள்ள ஒரு கம்பி அந்த முரண்பாட்டைத் தீர்த்தது. அடைப்பு இறுக்கமாகப் போடப்பட்டால் அந்த வழியே தண்ணீர் போகாது, பேச்சு போகும்.

தரையில் பயன்பட்ட தொலைபேசியை அப்படியே கப்பலில் வைக்க முடியவில்லை. காரணங்கள் பல. என்ஜின் அறையில் சாதாரண ரிசீவரின் ஒலி கேட்காது. உப்பு ஈரம் இரும்பை அரிக்கும். கப்பல் ஆடும்போது கொக்கியில் தொங்கும் ரிசீவர் கழன்று விழும். பீரங்கி வெடிக்கும் அதிர்ச்சியில் மென்மையான பாகங்கள் சிதறும். 1890-களில் லண்டனில் ஆல்ஃபிரட் கிரஹாமின் நிறுவனம் இவற்றுக்கெல்லாம் விடையாக உரத்த ஒலி தரும் கப்பல் தொலைபேசிகளைச் செய்யத் தொடங்கியது. உள்ளங்கையால் மூட முடியாத பெரிய ஊதுகுழல் வாய், தடித்த உலோக உறை, கொக்கிக்குப் பதில் ரிசீவரைப் பிடித்துக்கொள்ளும் கவ்விகள். நேவிஃபோன் என்ற பெயரில் இவை பிரிட்டிஷ் கடற்படையில் பரவின. பின்னாளில் இதே நிறுவனத்திலிருந்துதான் ஆம்ப்ளியான் என்ற வானொலி ஒலிபெருக்கிகளும் வந்தன. கப்பலின் என்ஜின் அறையில் குரலை உரக்கக் கேட்கவைக்கப் பட்ட பாடு வீட்டு வானொலிக்கும் பயன்பட்டது.

கிரஹாமின் தொலைபேசிகள் போர்க்கப்பல்களோடு நின்றுவிடவில்லை. டைட்டானிக்கில் இருந்தவையும் அவைதான். 1912 ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்கு, முன்கொடிமரத்தின் காவல் கூண்டில் இருந்த ஃப்ரெடரிக் ஃப்ளீட் மணியை மூன்று முறை அடித்துவிட்டு, அங்கிருந்த தொலைபேசியை எடுத்துக் கட்டளை மேடைக்குப் பனிமலையைப் பற்றிச் சொன்னார். மறுமுனையில் கேட்டவர் ஆறாவது அதிகாரி ஜேம்ஸ் மூடி. தொலைபேசி தன் வேலையைச் சரியாகவே செய்தது. காப்பாற்றப் போதிய நேரம்தான் இல்லை.

இந்த முதல் தலைமுறைத் தொலைபேசிகளுக்கு ஒரு பலவீனம் இருந்தது. பேச்சை மின்சாரமாக மாற்றும் வாய்ப்பகுதியில் கரித்துகள்கள் இருந்தன. குரல் தகட்டை அழுத்த, துகள்களின் நெருக்கம் மாற, அவற்றின் வழியே ஓடும் மின்னோட்டமும் ஏறி இறங்கும். இதற்கு எப்போதும் ஒரு மின்கலமோ டைனமோவோ தேவை. ஈரம் பட்டாலோ, பீரங்கி அதிர்ச்சி தொடர்ந்தாலோ கரித்துகள்கள் கட்டியாகிவிடும். அப்போது பேசுகிறவன் பெட்டியைத் தட்டிவிட்டுப் பேச வேண்டும். அமைதிக் காலத்தில் அது சிறு தொல்லை. போரில், மின்சாரம் அற்றுப்போகும் அந்த நொடியில், தொலைபேசி முற்றிலும் செத்துப்போகும். உதவி வேண்டியிருக்கும் நேரத்தில்தான் அது கைவிடும்.

விடை தொலைபேசியின் பிறப்பிலேயே இருந்தது என்பது இந்தத் துறையின் வியப்பான பகுதி. 1876-இல் அலெக்சாண்டர் கிரஹாம் பெல் காப்புரிமை பெற்ற பின் அவரும் உதவியாளர்களும் செய்த காந்தத் தொலைபேசிகளில் மின்கலம் இல்லை. ஒரு காந்தம், ஒரு சுருள், ஒரு இரும்புத் தகடு. பேசுகிறவனின் குரல் தகட்டை அதிரவைக்கும். காந்தப்புலத்தில் அது அதிர்வதால் சுருளில் மின்சாரம் பிறக்கும். மறுமுனையில் அதே அமைப்பு தலைகீழாக இயங்கிக் குரலைத் தரும். குரல் மிக மெல்லியதாக இருந்ததால் உலகம் கரித்துகள் பக்கம் போனது. 1931-இல் ஜப்பானிய உலோகவியலாளர் மிஷிமா தொகுஷிச்சி கண்டுபிடித்த எம்.கே. எஃகுபோல, அலுமினியமும் நிக்கலும் கலந்த வலுவான நிலைக்காந்தங்கள் வந்ததும் பழைய யோசனை மீண்டும் உயிர் பெற்றது. 1930-களின் பிற்பகுதியில் குரலின் ஆற்றலாலேயே இயங்கும் தொலைபேசிகள் போர்க்கப்பல்களில் இடம் பிடித்தன.

மனிதன் சாதாரணமாகப் பேசும்போது வெளிவரும் ஒலியாற்றல் ஒரு வாட்டின் லட்சத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். அந்தச் சொற்ப ஆற்றலில் ஒரு பகுதிதான் மின்சாரமாகி, கம்பியில் ஓடி, நூறு மீட்டருக்கு அப்பால் ஒருவன் காதில் மீண்டும் குரலாகிறது. இடையில் பெருக்கி இல்லை, மின்கலம் இல்லை. இதைச் சாத்தியமாக்க வாய்ப்பகுதியில் தகட்டை ஒரு சிறு தண்டால் நுண்ணிய இரும்புத் துண்டோடு இணைத்தார்கள். காந்த முனைகளுக்கு நடுவே அந்தத் துண்டு அசையும்போது சுருளில் மின்னோட்டம் பிறக்கும். வாய்ப்பகுதியும் காதுப்பகுதியும் ஒரே அமைப்பு. ஆகவே காதுப்பகுதி கெட்டால் வாய்ப்பகுதியில் கேட்கலாம். வாய்ப்பகுதி உடைந்தால் காதுப்பகுதியில் பேசலாம். மாலுமிகளுக்கு இது பயிற்சியிலேயே சொல்லித் தரப்பட்டது. ஒரு கருவி பாதி அழிந்த பிறகும் முழு வேலை செய்யும்படி வடிவமைத்தவர்களின் முன்யோசனையை நான் மிகவும் மதிக்கிறேன்.

அழைப்பதற்கும் மின்சாரம் வேண்டாமே என்பதால் கையால் சுழற்றும் சிறு ஜெனரேட்டர் வைத்தார்கள். அதைச் சுற்றினால் மறுமுனையில் உறுமல் போன்ற ஓசை எழும். அமெரிக்க மாலுமிகள் அதை உறுமி என்றே அழைத்தார்கள். சுழல் திருகு ஒன்றைத் திருப்பினால் பல நிலையங்களில் வேண்டியதைத் தேர்ந்து கூப்பிடலாம்.

இந்தத் தொலைபேசிகளை அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய விதம் தனியாகச் சொல்லப்பட வேண்டியது. அங்கே தொலைபேசி ஒவ்வொருவரும் எண் சுழற்றிப் பேசும் கருவியாக இல்லை. கப்பல் முழுவதும் வேலைக்கு ஒரு சுற்று என்று தனித்தனிக் கம்பிச் சுற்றுகள் போடப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் எழுத்துப் பெயர். ஜே.ஏ. என்பது கப்பல் தலைவரின் போர்ச்சுற்று. 1 ஜே.வி. கப்பலைத் திருப்புவது, என்ஜினுக்கு உத்தரவு சொல்வது. ஜே.எல். காவல் நிற்பவர்களுக்கு. 2 ஜே.இசட். சேதக் கட்டுப்பாட்டுக்கு. முக்கியமான சுற்றுகளுக்கு மாற்றாக, வேறு வழியில் கம்பி போட்ட துணைச் சுற்றுகளும் இருந்தன. ஒரு பக்கம் குண்டு பட்டு அறுந்தால் மறுபக்கம் பேசும்.

ஒவ்வொரு நிலையிலும் பேசுவதற்கென்றே ஒரு மாலுமி இருந்தான். அதிகாரி சொல்வதை அவன் கம்பியில் சொல்வான். வருவதை அதிகாரியிடம் சொல்வான். அவனது கருவி வித்தியாசமானது. மார்பில் ஒரு உலோகத் தகடு. அதிலிருந்து வாய்க்கு நேரே வளைந்து நிற்கும் ஊதுகுழல். இரு காதுகளையும் மூடும் பெரிய காதுறைகள். இரண்டு கைகளும் வேலைக்குச் சும்மா இருக்கும். காதுறைகளின் மேல் சாதாரண இரும்புத் தொப்பி உட்காராது என்பதால், பேசுகிறவர்களுக்கென்று அகலமான தனி இரும்புத் தொப்பியே செய்தார்கள். பேசுகிறவனுக்கு முதல் விதி: கேட்டதைச் சொல்லுக்குச் சொல் திருப்பிச் சொல். தன் வார்த்தையில் மாற்றாதே, சுருக்காதே. யாரைக் கூப்பிடுகிறாய், நீ யார், என்ன செய்தி என்ற வரிசை மாறக் கூடாது. எண்களை இலக்கம் இலக்கமாகச் சொல்ல வேண்டும். இன்னொரு விதி: வேலை முடிந்து போகும்போது கருவியைக் கம்பியில் இணைத்தபடி தளத்தில் போட்டுவிட்டுப் போகக் கூடாது. போட்டால் அங்குள்ள சத்தம் எல்லாம் அதன் வாய்ப்பகுதி வழியே சுற்று முழுவதும் பரவி, மற்றவர்களின் குரலை மூழ்கடித்துவிடும். மின்சாரம் வேண்டாத கருவிக்கு அணைக்கும் சுவிட்ச் மட்டும் போதாது. அதைப் பயன்படுத்துபவர்களின் ஒழுங்கும் சேர்ந்தால்தான் அது வேலை செய்யும். பழம்பொருள் கடையில் மார்புத் தகட்டோடு தொங்கும் ஒரு பழைய கருவியைப் பார்க்கும்போது, அந்த ஒழுங்கைப் பழகிய ஒரு இருபது வயது இளைஞன் அதற்குள் இருந்தான் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவும் இருந்தும் இவை எல்லா நேரத்திலும் காப்பாற்றவில்லை. 1945 ஜூலை 30 நள்ளிரவுக்குச் சற்றுப் பின் அமெரிக்கக் குரூசர் இண்டியானாபொலிஸ் ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பலின் டார்பிடோக்களால் தாக்கப்பட்டபோது உள்தொடர்புகள் அற்றுப்போயின. என்ஜின்களை நிறுத்தும் உத்தரவு என்ஜின் அறைக்குப் போய்ச் சேரவில்லை. கப்பல் முன்னோக்கி ஓடிக்கொண்டே தண்ணீரை அள்ளியது. கப்பலைக் கைவிடும் உத்தரவும் வாய்மொழியாகவே பரவியது. பன்னிரண்டு நிமிடத்தில் கப்பல் மூழ்கியது. ஏறக்குறைய 1,200 பேரில் 316 பேரே உயிர் தப்பினார்கள். கம்பியே அறுந்தால் குரலின் ஆற்றல் எவ்வளவு இருந்தும் பயன் இல்லை.

இப்போது குவாந்தான் கடலுக்குத் திரும்புவோம். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ் அந்த ஆண்டு ஜனவரியில்தான் பணியில் சேர்ந்த புத்தம் புதிய கப்பல். ரிப்பல்ஸ் 1916-இல் கடலில் இறங்கியது; இருபத்தைந்து வயதுக் கிழக்கப்பல். இரண்டும் 1941 டிசம்பர் 2 அன்று சிங்கப்பூர் கடற்படைத் தளத்துக்கு வந்தன. செம்பவாங்கில் இருந்த அந்தத் தளம் 1938 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. அங்கே வேலை செய்தவர்களில் தமிழர்களும் மலையாளிகளும் கணிசமான எண்ணிக்கையில் இருந்தார்கள். டிசம்பர் 8 மாலை இரு கப்பல்களும் எலெக்ட்ரா, எக்ஸ்பிரஸ், வாம்பயர், டெனடோஸ் என்ற நான்கு நாசகாரிக் கப்பல்களுடன் வடக்கே புறப்பட்டன. தளபதி அட்மிரல் டாம் பிலிப்ஸ்.

டிசம்பர் 10 காலை 11.44-க்கு முதல் டார்பிடோ பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் பின்பகுதியில், இடப்பக்க வெளிச் சுழலித் தண்டு வெளியேறும் இடத்தருகே வெடித்தது. வளைந்த தண்டு தொடர்ந்து சுழன்று நீர்த்தடுப்புகளைக் கிழித்தது. தண்ணீர் தண்டுக் குகை வழியே உள்ளே பாய்ந்தது. கப்பல் விரைவிலேயே 11 பாகைக்கும் மேல் சாய்ந்தது. எட்டு டைனமோக்களில் பாதிக்கு மேல் செயலிழந்தன. கப்பலின் பின்பாதியில் விளக்குகள், காற்றோட்டம், தண்ணீர் இறைக்கும் பம்புகள், சுக்கான் இயந்திரம், விமான எதிர்ப்புப் பீரங்கிகளைத் திருப்பும் மோட்டார்கள் என்று வரிசையாக நின்றன. உள்தொடர்புத் தொலைபேசிகளும் அந்த வரிசையில் சேர்ந்தன.

அந்த நிலையில் சேதக் கட்டுப்பாட்டு அதிகாரியின் வேலை என்ன? கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தால், எதிர்ப்பக்க அறைகளில் வேண்டுமென்றே தண்ணீர் விட்டு அதை நிமிர்த்த வேண்டும். அதற்கு எந்த அறை எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பது தெரிய வேண்டும். நூற்றுக்கணக்கான அறைகள் கொண்ட ஒரு கப்பலில் இதைத் தொலைபேசி இல்லாமல் அறிய, இருட்டில், சாய்ந்த படிகளில், புகையும் வெப்பமும் நிறைந்த நடைகளில் ஆள் ஓட வேண்டும். ஓடிப்போய்ச் செய்தி கொண்டுவரும்போது அந்தச் செய்தி பழசாகியிருக்கும். பின்னர் லண்டனில் அமைந்த பக்னில் குழு இந்த மூழ்கலை ஆராய்ந்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் முக்குளிப்பவர்கள் சிதைவை அளந்து எடுத்த படங்களும் முதல் டார்பிடோவின் சேதம் எவ்வளவு பெரியது என்பதை உறுதிப்படுத்தின. தொலைபேசி இருந்திருந்தால் கப்பல் தப்பியிருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். அதற்குப் பிறகும் வலப்பக்கத்தில் மூன்று டார்பிடோக்கள் அடித்தன, குண்டும் விழுந்தது. பிற்பகல் 1.20 அளவில் கப்பல் கவிழ்ந்தது. ஆனால் எதிர்ப்பக்கத்தில் தண்ணீர் விடும் வேலை தடுமாறியதற்கும், எந்த இடத்துக்கு யாரை அனுப்புவது என்பது தெளிவில்லாமல் போனதற்கும் தொடர்பு அற்றுப்போனது ஒரு முக்கிய காரணம்.

பழைய ரிப்பல்ஸில் நடந்தது வேறு. கப்பல் தலைவர் வில்லியம் டெனன்ட் பல டார்பிடோக்களைச் சாமர்த்தியமாகத் தப்பித்தார். கடைசியில் ஒரே நேரத்தில் பல திசையிலிருந்து வந்தவை அடித்தபோது கப்பல் இனி நிற்காது என்று உடனே தீர்மானித்தார். எல்லாரும் மேல்தளத்துக்கு வர வேண்டும், கப்பலைக் கைவிடத் தயாராக வேண்டும் என்று கப்பலின் ஒலிபெருக்கியில் அறிவித்தார். கப்பலில் இருந்த அமெரிக்க வானொலி நிருபர் செசில் பிரவுன் அந்தக் குரலின் நிதானத்தைப் பின்னர் எழுதினார். 12.33-க்கு ரிப்பல்ஸ் மூழ்கியது. 513 பேர் இறந்தார்கள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸில் 327 பேர். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் ரிப்பல்ஸில் இழப்பு அதிகம். ஆனால் அது மிக விரைவாகக் கவிழ்ந்த கப்பல். அடுத்தடுத்த அடிகளுக்கு நடுவே ஒலிபெருக்கி வேலை செய்ததும், தலைவர் தயங்காமல் அதைப் பயன்படுத்தியதும் இல்லாவிட்டால் அடித்தளங்களில் இருந்த நூற்றுக்கணக்கானோருக்கு மேலே ஏற நேரமே இருந்திருக்காது.

புதிய கப்பலில் எத்தனை நவீன வசதி இருந்தாலும், அவை ஒரே மின்வழியில் தொங்கினால் ஒரே அடியில் எல்லாம் போகும். இதுதான் அந்த இரண்டு கப்பல்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது. கப்பல் தொலைபேசி வரலாற்றில் இதைவிடக் கடுமையான பாடம் நம் கடற்பகுதியில் வேறு இல்லை.

தரையில் நிலைமை மேலாக இல்லை. மலாயாவில் பிரிட்டிஷ் படை பெருமளவுக்கு நாட்டின் பொதுத் தொலைபேசி அமைப்பையே நம்பியிருந்தது. அஞ்சல், தந்தித் துறையில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த தமிழர்கள் பலர் எழுத்தர்களாகவும் தந்தி ஊழியர்களாகவும் இருந்தார்கள். முன்னணி சரியச் சரிய அந்தக் கம்பிகளும் ஊர் ஊராக எதிரியின் பக்கம் போயின. 1942 ஜனவரி நடுவில் மூவாரிலிருந்து பக்ரி வரை 45-ஆவது இந்தியப் படையணி சிதைந்தது. ஜனவரி 19 அன்று அதன் தலைமையிடத்தின் மேலேயே குண்டு விழுந்தது. அதன் பின் ஆஸ்திரேலிய லெஃப்டினன்ட் கர்னல் சார்லஸ் ஆண்டர்சன் மிச்சமிருந்த படையைத் திரட்டிப் பாரிட் சூலோங் பாலத்தை நோக்கிப் போரிட்டபடியே வந்தார். இலக்கு யோங் பெங். பாலத்தை ஜப்பானியர் பிடித்துவிட்டிருந்தார்கள். ஜனவரி 22 அன்று ஆண்டர்சன் வாகனங்களையும் காயமுற்றவர்களையும் விட்டுவிட்டு, நடக்க முடிந்தவர்களைச் சதுப்பு வழியாக அனுப்ப வேண்டியதாயிற்று. பின்தங்கிய ஆஸ்திரேலிய, இந்திய வீரர்கள் அங்கே கொல்லப்பட்டார்கள். நடந்து தப்பியவர்கள் யோங் பெங்கை வந்தடைந்தார்கள். ஓரிரு நாளில் யோங் பெங்கும் கைவிடப்பட்டது.

அதன் விளைவு கரையோர ஊரான பத்து பகாட்டில் தெரிந்தது. அங்கிருந்த படைக்கு நிலவழி அடைபட்டது. கரையோரச் சாலையிலும் ஜப்பானியர் தடுப்பு வைத்திருந்தார்கள். ரெங்கிட் அருகே பொங்கோர் ஆற்று முகத்துவாரத்தில் ஒதுங்கிய ஏறத்தாழ 2,700 பேரை எச்.எம்.எஸ். டிராகன்ஃப்ளை, எச்.எம்.எஸ். ஸ்கார்ப்பியன் என்ற இரு சிறு பீரங்கிப் படகுகள், வேறு சில படகுகளின் துணையோடு, பிப்ரவரி முதல் நாள் வரை பல இரவுகளில் ஏற்றிச் சென்றன. சதுப்பிலிருந்து சிறு படகுகளில் ஆட்களை ஏற்றி, விளக்கு போடாமல், ஓசை எழுப்பாமல் நடந்த வேலை. சுமார் 600 டன் எடையுள்ள அந்தச் சிறு கப்பல்களில் கட்டளை மேடைக்கும் என்ஜினுக்கும் இடையே அதிகத் தூரம் இல்லை. ஒரு மனிதக் குரல் எட்டும் அளவுக்கே கப்பல் சிறியதாக இருந்தால் தொலைபேசியைப் பற்றிய கவலையே வேண்டாம். இரண்டு வாரத்துக்குள், சிங்கப்பூர் வீழ்ச்சியின் போது தப்பிச் செல்கையில், இரண்டு கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன. யோங் பெங் வட்டாரத்துப் போரில் கடற்படை நேரடியாகக் கைகொடுத்தது அந்த இரவுகளில்தான். நம் பள்ளிப் பாடங்களில் பாரிட் சூலோங்கைப் போலவே பொங்கோரும் இடம் பெற வேண்டும் என்பது என் விருப்பம்.

இன்று இந்தத் தொலைபேசிகளைச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். லண்டனில் தேம்ஸ் ஆற்றில் 1971 முதல் காட்சிக்கு நிற்கும் எச்.எம்.எஸ். பெல்ஃபாஸ்டில் அவற்றைத் தம் இடத்திலேயே பார்க்கலாம். விசாகப்பட்டினத்தில் கரையேற்றி வைக்கப்பட்டிருக்கும் இந்திய நீர்மூழ்கிக் கப்பல் ஐ.என்.எஸ். குர்சுரா, சோவியத் கடற்படைப் பாணியில் ஒரு கப்பலின் உட்புறம் எப்படி இருந்தது என்பதைக் காட்டுகிறது. மலாக்காவில் கடற்படை அருங்காட்சியகத்தில் கே.டி. ஸ்ரீ திரெங்கானு என்ற ரோந்துக் கப்பல் இருக்கிறது. யோங் பெங்கிலிருந்து ஒரு நாளில் போய்த் திரும்பிவிடலாம். அருங்காட்சியகங்களிடம் எனக்கு ஒரு குறை உண்டு. தொலைபேசிக்கு அருகில் எழுதப்படும் குறிப்பில் தயாரிப்பாளர் பெயரும் ஆண்டும் இருக்கும். அது எந்த அறையை எந்த அறையோடு இணைத்தது, யார் அதில் பேசினார்கள் என்பது இருக்காது. இணைத்த இரு இடங்களை அறியாமல் ஒரு தொலைபேசியைப் புரிந்துகொள்ள முடியாது.

சந்தைக்கு வரும் பொருள்களில் பெரும்பகுதி உடைக்கப்பட்ட கப்பல்களிலிருந்து வருகிறது. குஜராத்தில் அலங்கில் கப்பல் உடைக்கும் கரைக்கு வெளியே சாலையோரம் வரிசையாக இருக்கும் கடைகளில் கப்பல் விளக்கு, மணி, கடிகாரம், தொலைபேசி எல்லாம் கிடைக்கும். அவற்றோடு புதிதாகச் செய்த போலிகளும் சந்தையில் கலந்திருக்கின்றன. பித்தளையில் கப்பல் சாமான்களை வார்த்து, பழசாகத் தோன்றும்படி சாயமிட்டு விற்கிறார்கள். உண்மையான பிரிட்டிஷ் கடற்படைச் சாதனத்தில் அட்மிரால்டி பேட்டர்ன் என்ற எண்ணும், அரசு உடைமை என்பதைக் காட்டும் அம்புக்குறியும் பொறிக்கப்பட்டிருக்கும். கம்பி நுழையும் வாயில் ரப்பர் வளையமும் இறுக்கும் மரையும் சேர்ந்த நீர்ப்புகா அடைப்பு இருக்கும். மேலே பல அடுக்குச் சாம்பல் வண்ணம் இருக்கும். போலியில் பெரும்பாலும் எண் இருக்காது, அடைப்பு வெறும் துளையாக இருக்கும், உள்ளே காந்தமே இருக்காது. உண்மைப் பொருளை வாங்கியவர்கள் சாம்பல் வண்ணத்தைச் சுரண்டிப் பித்தளையைப் பளபளக்கவைப்பது வருத்தத்துக்குரியது. அந்த வண்ண அடுக்குகள் அது எத்தனை முறை சீரமைக்கப்பட்டது என்பதற்குச் சான்று. இன்னொரு எச்சரிக்கை: அக்காலக் கப்பல் கருவிகள் சிலவற்றில் இருட்டில் ஒளிர ரேடியம் கலந்த சாயம் பூசப்பட்டிருந்தது. அப்படிப்பட்ட முகப்புள்ள எதையும் திறக்கவோ சுரண்டவோ கூடாது.

கடலடியில் கிடப்பவை வேறு வகை. பிரின்ஸ் ஆஃப் வேல்ஸும் ரிப்பல்ஸும் இறந்தவர்களின் கல்லறைகள். பிரின்ஸ் ஆஃப் வேல்ஸின் மணி 2002-இல் முறைப்படி அனுமதி பெற்று மேலே எடுக்கப்பட்டு பிரிட்டனில் காட்சியில் வைக்கப்பட்டது. மற்றபடி அந்தச் சிதைவுகளை உடைத்து இரும்புக்கும் வெண்கலத்துக்கும் விற்கும் கொள்ளை பல ஆண்டுகளாக நடக்கிறது. 2023 மே மாத இறுதியில் ஜொகூரின் கிழக்குக் கடலில் சுவான் ஹோங் 68 என்ற சீனக் கப்பலை மலேசியக் கடல்சார் அமலாக்க முகமை தடுத்து வைத்தது. அதில் பழைய பீரங்கிக் குண்டுகளும் உலோகச் சிதைவுகளும் இருந்தன. அவை இந்தப் போர்க்கப்பல்களிலிருந்து வந்தவையாக இருக்கலாம் என்ற ஐயம் எழுந்தது. குவாந்தான் கடலில் கிடக்கும் தொலைபேசி எதையும் வாங்குகிறவன் அந்தக் கொள்ளையில் பங்கு பெறுகிறான். இதில் இரண்டாவது கருத்துக்கு இடம் இருப்பதாக நான் நினைக்கவில்லை.

குரலால் இயங்கும் தொலைபேசி பழம்பொருளாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். சோலாஸ் எனப்படும் பன்னாட்டுக் கடற்பாதுகாப்பு ஒப்பந்த விதிகளின்படி வணிகக் கப்பல்களில் கட்டளை மேடைக்கும் என்ஜின் அறைக்கும் அவசரச் சுக்கான் அறைக்கும் இடையே பேசும் வசதி எப்போதும் தயாராக இருக்க வேண்டும். முதன்மை மின்சாரம் போனாலும் அது நிற்கக் கூடாது. அதற்குப் பெரும்பாலான கப்பல்களில் இன்றும் பொருத்தப்படுவது கைச்சுழற்றி உள்ள, மின்கலம் இல்லாத அதே வகைத் தொலைபேசிதான். தஞ்சோங் பெலப்பாசிலும் பாசிர் கூடாங்கிலும் வந்து நிற்கும் கொள்கலன் கப்பல்களின் சுக்கான் அறைச் சுவரில், பெரும்பாலும் பச்சை அல்லது சாம்பல் நிற உலோகப் பெட்டியாக அது தொங்கும். மாலுமிகள் அவ்வப்போது அவசரப் பயிற்சியில் அதன் கைப்பிடியைச் சுழற்றி மறுமுனை எடுக்கிறதா என்று சோதிக்கிறார்கள்.